குட்டி யானைக்கு நாமே துரு எடுத்து பெயிண்ட் அடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூத்துக்குடியில் உப்பு மூட்டை ஏற்றும் ஒரு பழைய குட்டி யானை என்னிடம் இருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் டாடா ஏஸ் என்று இருக்கும். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. 2010-ஆம் ஆண்டு வண்டி, இரண்டு கை மாறி என்னிடம் வந்தது. இதுவரை இரண்டு முறை நானே துரு எடுத்து பெயிண்ட் அடித்திருக்கிறேன். முதல் முறை அடித்தது நான்கு மாதத்தில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. இரண்டாவது முறை அடித்தது மூன்று வருடம் தாண்டி நிற்கிறது. இரண்டு தடவையும் ஒரே கடை, ஒரே ரக எனாமல். உப்பளத்திலும் மீன்பிடித் துறைமுகத்திலும் பக்கத்து வண்டிக்காரர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும், நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

பட்டறையில் விட்டால் வேலை சுத்தமாக இருக்குமே, நாமே ஏன் செய்யவேண்டும்?

சுத்தமாகத்தான் இருக்கும். சொந்தக் கார் என்றால் நானும் பட்டறையில்தான் விடுவேன். ஆனால் முழு வண்டிக்கும் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை), டிங்கரிங், பெயிண்டிங் என்று என்னிடம் கேட்டது முப்பதாயிரத்துக்கு மேல். அதோடு பத்து நாள் வண்டி நிற்கும். அந்தப் பத்து நாள் லோடும் போகும். கண்ணாடி மாதிரி பளபளப்பாக அடித்துக் கொடுத்தாலும், முதல் நாள் மூட்டை இறக்கும்போதே கொக்கி பட்டுக் கீறல் விழப்போகிறது. கீறினால் நாமே ஒரு பிரஷ் எடுத்துப் பூசிக்கொள்ளக்கூடிய பெயிண்ட்தான் லோடு வண்டிக்குத் தேவை. என் இரண்டாவது தடவைக்குப் பொருள் செலவு ஐயாயிரத்துக்குள் முடிந்தது. கிரைண்டர் ஏற்கெனவே வீட்டில் இருந்தது, அதைச் சேர்க்கவில்லை. வேலை ஆறு நாள்.

எந்தத் துருவை நானே எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது?

ஒரு ஸ்குரூ டிரைவரும் சின்னச் சுத்தியலும் எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வாருங்கள். துரு தெரிகிற இடத்தில் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். ‘டங்’ என்று கேட்டால் உள்ளே இரும்பு இருக்கிறது. ‘பொத்’ என்று கேட்டால் பெயிண்ட்டும் துருவும் மட்டுமே இருக்கின்றன. அந்த இடத்தில் ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்துங்கள். உள்ளே போய்விட்டால் அது ஓட்டை. இதுவரை பெயிண்ட் மறைத்துக்கொண்டிருந்தது.

செம்மண் பூசியதுபோல மேலாக இருக்கும் துருவையும், செதில் செதிலாக எழும்பிய துருவையும் நாமே எடுக்கலாம். கதவின் அடிப்பகுதி, கேபின் தரை, மட்கார்டு, லோடு பாடியின் தகடு இவற்றில் விழுந்த ஓட்டைகளையும் நாமே அடைக்கலாம். சேசிஸ், ஸ்பிரிங் பட்டை மாட்டும் தாங்கிகள், ஸ்டியரிங் பாக்ஸ் பிடித்திருக்கும் இடம், சீட் பெல்ட் போல்ட், பிரேக் குழாய் ஆகியவற்றில் செதில் எழும்பியிருந்தால் பெயிண்ட் வேலையை நிறுத்திவிட்டு நல்ல வெல்டரிடமும் மெக்கானிக்கிடமும் போங்கள். ஒரு டன்னுக்குப் பக்கம் ஏற்றுகிற வண்டி. பட்டி பூசி மறைத்த சேசிஸ் என்றைக்காவது ஒரு பாலத்தின் மேல்தான் உடையும்.

துருவை எடுக்க எது சிறந்தது: எமரியா, கம்பிப் பிரஷ்ஷா, கிரைண்டரா?

மூன்றும் வேண்டும், இந்த வரிசையில். செதிலாகத் தொங்குவதை முதலில் பட்டி தகட்டால் சுரண்டி விழச்செய்யுங்கள். பிறகு கிரைண்டரில் கம்பிக் கிண்ணம் மாட்டி ஓட்டுங்கள். சாணைக்கல்லைக் கேபின் தகட்டில் வைக்காதீர்கள். அது துருவையும் எடுக்கும், தகட்டையும் எடுக்கும், பப்படம்போல் மெலிந்துவிடும். பெயிண்ட் கிளம்பிய இடத்திலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, நல்ல பெயிண்ட் வரும்வரை போங்கள். ஓரத்தைச் சரிவாகத் தேய்த்துவிடுங்கள். 80 நம்பர் எமரியில் தொடங்கி 120, 220 என்று ஏறினால் விரல் வைத்தால் படி தெரியாது. எங்கள் அப்பா காலத்தில் எமரித் தாளை உப்புத்தாள் என்பார்கள். உப்பள ஊரில் உப்புக்கு உப்புத்தாள்தான் மருந்து என்று அவர் சிரிப்பார்.

ஒன்றைச் சொல்லியாகவேண்டும். நன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும் கம்பெனிப் பெயிண்ட்டைச் சுரண்டி எடுக்காதீர்கள். சூளையில் சுட்டு இறுக்கிய அந்தப் பெயிண்ட்டைவிட நல்ல அஸ்திவாரம் நம்மால் போடமுடியாது. 320 எமரியால் பளபளப்பை மட்டும் மங்கச்செய்தால் போதும். வண்டி முழுவதையும் வெறும் இரும்பாக்கிவிட்டு, அதைக் கடற்காற்றில் நிறுத்தி, அழகாகத் துரு வளர்த்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

துரு எடுத்தவுடன் பிரைமர் (முதல் அடிப்பூச்சு) அடிக்கலாமா?

கூடாது. முதல் தடவை நான் செய்த தவறு இதுதான். இதையே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

இரும்பு பளபளவென்று தெரிந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். வீட்டுப் போர் தண்ணீரில் ஒரு முறை கழுவி, துடைத்து, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, எனாமலும் அடித்துவிட்டேன். நான்கு மாதம் கழித்துக் கதவின் அடியில் பயறு அளவுக்குக் கொப்புளங்கள். ஒன்றை நகத்தால் குத்தினேன். உள்ளே ஒரு துளி பழுப்புத் தண்ணீர். விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன்: உப்பு.

காரணம் எளிது. துரு இரும்பைத் தின்னும்போது மேற்பரப்பில் குண்டூசித் தலை அளவுக்குக் குழிகள் விழும். உப்பு அந்தக் குழிகளின் அடியில் போய் உட்காரும். கம்பிப் பிரஷ் குழியின் வாயைத்தான் துடைக்கும், அடியைத் தொடாது. சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையும். பாத்தியில் உப்பு எடுத்தபின் மிஞ்சும் கசப்பு நீரில் இருக்கிற மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். மழையே பெய்யாத பங்குனி வெயிலிலும் அந்தக் குழிக்குள் ஈரம் இருக்கும் என்று அர்த்தம். பெயிண்ட் பார்வைக்குத்தான் மூடி. காற்றும் ஈரமும் மெல்ல மெல்ல அதன் வழியே போய்க்கொண்டுதான் இருக்கும். உள்ளே உப்பு இருந்தால் அது நீரைக் கூப்பிட்டுக்கொள்ளும். இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருத்து உப்பும். பெயிண்ட்டைக் கீழிருந்து தள்ளும். உப்பினால் உப்புகிறது என்று எங்கள் பக்கத்து டிரைவர் சொல்வது சொல் விளையாட்டு மட்டுமல்ல, விஞ்ஞானமும் அதுதான்.

இரண்டாவது தடவை செய்தது இது. துரு எடுத்த இடத்தைச் சோப்புத்தூள் கரைத்த தண்ணீரில் நைலான் பிரஷ் வைத்துத் தேய்த்தேன். பிறகு குடிக்க வாங்கும் கேன் தண்ணீரில் அலசினேன். எங்கள் பகுதிப் போர் தண்ணீர் உப்பு கரிக்கும்; அதில் அலசினால் உப்பை எடுத்துவிட்டு உப்பையே வைக்கிறோம். அலசிய பிறகு துடைக்காமல் ஒரு மணி நேரம் அப்படியே விட்டுவிட்டுப் பார்த்தேன். எந்தெந்தக் குழியில் கரும்புள்ளியோ ஆரஞ்சுப் புள்ளியோ மளமளவென்று பூத்ததோ, அங்கே உப்பு இன்னும் இருக்கிறது. மறுபடி கம்பிப் பிரஷ், மறுபடி சோப்பு, மறுபடி கேன் தண்ணீர். மட்கார்டுக்கு இரண்டு சுற்றில் அடங்கியது. கதவின் அடிமடிப்புக்கு நான்கு சுற்று. மொத்தம் மூன்று கேன் தண்ணீர் செலவானது. வேறு எந்தச் செலவும் இவ்வளவு லாபம் தரவில்லை. கடைசி அலசல் முடிந்ததும் துணியால் ஒற்றி, ஹேர் டிரையரோ வெயிலோ காட்டி, கை வைத்தால் சூடு தெரியும்வரை காயவைத்து, மேலாகப் பூத்த துருவை 120 எமரியால் ஒரு தேய் தேய்த்துவிட்டு, அன்றைக்கே பிரைமர் அடித்துவிடவேண்டும். இரவு தாண்டக்கூடாது.

துருவை மாற்றும் திரவம் என்று கடையில் விற்கிறார்களே, அது பலிக்குமா?

பலிக்கும், அளவோடு. பாஸ்பாரிக் அமிலம் கலந்தது துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும். டானிக் அமிலம் கலந்தது கருநீலமான இன்னொரு சேர்மமாக மாற்றும். இரண்டாவது நமக்குப் புதிதல்ல. கடுக்காயில் இருப்பதும் அதே இனத்துத் துவர்ப்புதான். கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு வருவது கடுக்காய் நனைத்த துணியில் இரும்புச் சாறு படும்போதுதான். ஆனால் இந்தத் திரவம் எதுவும் செதில் துருவின் அடிவரை ஊறாது, உப்பையும் விரட்டாது. கம்பிப் பிரஷ்ஷும் அலசலும் முடிந்த பிறகு, கை எட்டாத மடிப்புகளிலும் குழிகளிலும் மட்டும் பூசுங்கள். பூசிய பிறகு கழுவவேண்டுமா, அப்படியே விடவேண்டுமா என்பது திரவத்துக்குத் திரவம் மாறும். டப்பாவில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

கழற்றிய போல்ட், நட்டுகளுக்கு இதெல்லாம் வேண்டாம். ஒரு டப்பாவில் புளிக்கரைசல் ஊற்றி இரவெல்லாம் ஊறவைத்துக் காலையில் தேய்த்துக் கழுவி எண்ணெய் பூசுங்கள். பித்தளைக் குத்துவிளக்குக்கு வீட்டில் செய்வதுதான்.

ஓட்டைக்குள் பட்டி வைத்து அடைக்கலாமா?

அடைக்கலாம், வண்டியை அடுத்த மாதம் விற்பதாக இருந்தால். சொந்தமாக ஓட்டுவதாக இருந்தால் வேண்டாம். ஓட்டையில் அடைத்த பட்டிக்குப் பின்பக்கம் மூடி இல்லை. சக்கரம் வாரி அடிக்கும் தண்ணீரைப் பட்டி பின்னாலிருந்து குடிக்கும். ஒரு மழைக்காலத்தில் ரொட்டித்துண்டுபோல் கழன்று விழும்.

வெல்டிங் வசதி இல்லாதவர்களுக்கு ரிவெட் ஒட்டு போதும். என் கேபின் தரையில் ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தில் உள்ளங்கை அளவு ஓட்டை இருந்தது. நல்ல இரும்பு வரும்வரை அரித்த பகுதியை வெட்டி எடுத்தேன். நான்கு பக்கமும் ஒரு அங்குலம் கூடுதலாக இருக்கும்படி புதுத் தகடு வெட்டி, மூலைகளை உருட்டினேன். தகட்டின் இரண்டு பக்கத்துக்கும், அது உட்காரும் இடத்துக்கும் பிரைமர் அடித்துக் காயவிட்டேன். பாடி சீலன்ட் ஒரு கோடு இழுத்து, தகட்டை வைத்து, ஒன்றரை அங்குலத்துக்கு ஒன்றாகப் பாப் ரிவெட் அடித்தேன். ஓரத்தில் பிதுங்கிய சீலன்ட்டை மண்ணெண்ணெய் தொட்ட விரலால் வழித்துவிட்டேன். கீழே போய் அடிப்பக்கத்திலும் ஒரு கோடு சீலன்ட். அழகு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் மிதியடி இன்றுவரை நனையவில்லை.

ஒட்டுக்குச் சாதாரணக் கறுப்புத் தகடு வாங்குங்கள். துருப்பிடிக்காதே என்று ஆசைப்பட்டு ஜி.ஐ. தகடு வாங்கினால், அதன் துத்தநாகப் பூச்சின் மேல் எனாமல் ஒட்டாது, தோலுரிந்து வரும். அதற்கென்று தனிப் பிரைமர் தேவை. ஜி.ஐ. தகட்டை வெல்டிங் செய்தால் வரும் வெண்புகையைச் சுவாசித்தால் அன்றிரவு குளிர்காய்ச்சல் வரும். வெல்டர்களைக் கேளுங்கள், எல்லாருக்கும் அனுபவம் இருக்கும். எந்த வெல்டிங் என்றாலும் முதலில் பேட்டரி வயரைக் கழற்றுங்கள். டீசல் டாங்கும் குழாயும் எங்கே ஓடுகின்றன என்று பாருங்கள்.

பட்டி எவ்வளவு கனம் வைக்கலாம்?

மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். நசுங்கலை முதலில் பின்பக்கத்திலிருந்து தட்டி எடுத்துவிட்டு, மிஞ்சிய பள்ளத்துக்குத்தான் பட்டி. பட்டியை இறுகவைக்கும் ஹார்ட்னர் நூறுக்கு இரண்டு பங்கு. ஒரு எலுமிச்சை அளவு பட்டிக்கு ஒரு சுண்டைக்காய் அளவு என்று கணக்கு வைத்தேன். தூத்துக்குடி வெயிலில் அதுவே ஐந்து நிமிடத்தில் கல்லாகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் குழையுங்கள். வெறும் பட்டியைத் தண்ணீர் தொட்டுத் தேய்க்காதீர்கள், அது நீரை உறிஞ்சும். உலர்வாகத் தேய்த்து, பிரைமர் அடித்த பிறகுதான் தண்ணீர் எமரி.

சமமாகிவிட்டதா என்று கண்ணால் பார்த்துத் தெரியாது. பழைய பருத்தித் துண்டு ஒன்றை விரித்து, அதன் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நீளவாட்டில் தடவுங்கள். வெறுங்கைக்குத் தெரியாத மேடும் பள்ளமும் துணிக்கு மேல் தெரியும்.

ரெட் ஆக்சைடு போதுமா?

போதும், மேலே உடனே பெயிண்ட் வருவதாக இருந்தால். ஜன்னல் கம்பிக்கு அடித்து மாதக்கணக்கில் விடுவதுபோல் வண்டிக்கும் விட்டுவிடுகிறார்கள். சாதாரண ரெட் ஆக்சைடு நுண்துளை உள்ளது, தண்ணீரை நிறுத்தாது. இரண்டு பூச்சு அடித்து, காய்ந்த மறுநாளே மேல் பூச்சைத் தொடங்குங்கள். கையில் காசு கூடுதலாக இருந்தால் அதை எபாக்சி பிரைமரில் போடுங்கள், மேல் பெயிண்ட்டில் போடாதீர்கள். கேபின் தரைக்கும் லோடு பாடிக்கும் மட்டும் நான் எபாக்சி அடித்தேன். எபாக்சி அடித்த இடத்தில் சீக்கிரமே மேல் பூச்சு வரவேண்டும்; நாளாகி இறுகிவிட்டால் 320 எமரியால் தேய்த்துவிட்டுத்தான் எனாமல்.

எனாமலா, என்.சி.யா, பி.யூ.வா?

நாமே அடிப்பதற்கு எனாமல். மெல்லத்தான் காயும், நாளடைவில் வெயிலில் மங்கும். ஆனால் பிரஷ்ஷிலும் ரோலரிலும் தானாகப் பரவிச் சமமாகும், எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும், டர்பன்டைன் போதும்.

என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட்) சட்டென்று காய்ந்துவிடும், அதனாலேயே ரோலருக்கு ஆகாது. எனாமல் அடித்த இடத்தின் மேல் என்.சி. பட்டியோ என்.சி. பெயிண்ட்டோ போட்டால் அதன் தின்னர் கீழிருக்கும் எனாமலைக் கிளப்பிச் சுருக்கிவிடும். இந்த இரண்டையும் கலக்காதீர்கள். உங்கள் வண்டியில் ஏற்கெனவே என்ன அடித்திருக்கிறது என்று தெரியாவிட்டால், மறைவான இடத்தில் என்.சி. தின்னர் நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். நிறம் கரைந்து துணியில் வந்தால் என்.சி.; சுருங்கினால் எனாமல்; ஒன்றும் ஆகாவிட்டால் கம்பெனிப் பெயிண்ட் அல்லது பி.யூ.

பி.யூ. (பாலியூரித்தேன் பெயிண்ட்) மூன்றிலும் உறுதியானது. ஆனால் அதன் ஹார்ட்னரில் இருக்கும் ஐசோசயனேட், ஸ்பிரே புகையாக மூச்சில் போனால் நிரந்தர ஆஸ்துமாவைக் கொண்டுவரும். துணி முகமூடி அதைத் தடுக்காது. தெருவில், திண்ணையில், குழந்தைகள் நடமாடும் இடத்தில் அதை ஸ்பிரே செய்யவே கூடாது. பட்டறைக்கு விடுங்கள்.

ரோலரில் அடித்தால் ஆரஞ்சுத் தோல் மாதிரி வராதா?

வரும், அவசரப்பட்டால். நான்கு அங்குல நுரை ரோலர் வாங்குங்கள். சுவருக்கு அடிக்கும் பஞ்சு ரோலர் வேண்டாம். எனாமலில் பத்தில் ஒரு பங்கு டர்பன்டைன் கலந்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பகுதி: ஒரு கதவு, பிறகு அடுத்த கதவு. மெல்லியதாக உருட்டி, உருட்டிய ஈரம் போவதற்குள் இரண்டு அங்குல மென்மையான பிரஷ்ஷின் நுனியால், எடையே இல்லாமல், மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. திரும்பிப் போய்த் தொடாதீர்கள். தொட்டால் அடையாளம்.

முதல் பூச்சு அசிங்கமாக இருக்கும். கீழே பிரைமர் தெரியும், திட்டுத் திட்டாக இருக்கும். அங்கேதான் பலர் பயந்து கனமாக அப்பிவிடுகிறார்கள். கனமாக அடித்த எனாமல் மேலே தோல் கட்டி, உள்ளே காயாமல், கிழவி கன்னம்போல் சுருங்கும். மூன்று மெல்லிய பூச்சு அடியுங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஓர் இரவு. ஒவ்வொரு முறையும் 400 நம்பர் தண்ணீர் எமரியால் மெல்லத் தேய்த்து, அலசிக் காயவைத்துவிட்டு அடுத்தது. மூன்றாவது பூச்சுக்குப் பிறகு ஆறடி தள்ளி நின்று பார்த்தால் ஸ்பிரேயா ரோலரா என்று யாருக்கும் தெரியாது. ஓரடியில் தெரியும். லோடு வண்டியை ஓரடியில் நின்று பார்க்கிறவர் போக்குவரத்துக் காவலர் மட்டும்தான்.

எவ்வளவு பெயிண்ட் வாங்கவேண்டும்?

குட்டி யானையின் லோடு பாடி சுமார் ஏழடிக்கு ஐந்தடி. தரை, பக்கப் பலகைகளின் இரண்டு பக்கம், கேபினின் வெளிப்புறம் எல்லாம் சேர்த்து 170 சதுர அடிக்குப் பக்கம் வரும். ஒரு லிட்டர் எனாமல் ஒரு பூச்சுக்கு நூற்று முப்பது சதுர அடிக்கு மேல் வரும். மூன்று பூச்சுக்கு நான்கு லிட்டர் டப்பா ஒன்று வாங்கினேன், ஏற்கெனவே இருந்த நிறமே என்பதால் கொஞ்சம் மிஞ்சியது. பிரைமர் இரண்டு லிட்டர், டர்பன்டைன் இரண்டு லிட்டர், பட்டி ஒரு கிலோ, எமரி எல்லா நம்பரும் சேர்த்து முப்பது தாள். எமரியில் கஞ்சம் பிடிக்காதீர்கள். மழுங்கிய தாளில் தேய்ப்பது கைவலிக்கு மட்டும்தான் உதவும்.

கண்ணாடி ரப்பர், விளக்கு இவற்றில் படாமல் எப்படி அடிப்பது?

கழற்ற முடிந்ததைக் கழற்றிவிடுங்கள். கண்ணாடி ரப்பரைக் கழற்ற வேண்டாம். அதன் உதட்டுக்குக் கீழே ஒரு மெல்லிய நைலான் கயிற்றைச் சுற்றிலும் திணித்தால் ரப்பர் தகட்டிலிருந்து எழும்பி நிற்கும். அதன் அடிவரை பெயிண்ட் போகும். துரு முதலில் பிடிப்பதும் அந்த இடத்தில்தான். கிரைண்டர் ஓட்டும்போது கண்ணாடி மேல் ஈரச் சாக்கு போடுங்கள். பறக்கும் நெருப்புப்பொறி கண்ணாடியில் பதிந்துவிடும், பிறகு எத்தனை துடைத்தாலும் போகாது.

எந்த மாதத்தில் அடிப்பது நல்லது?

எங்கள் ஊருக்குச் சொல்கிறேன். ஆடியில் வேண்டாம், காற்று வாரிக்கொண்டு வரும் மணல் ஈரப் பெயிண்ட்டில் அப்படியே உட்காரும், எனாமல் எமரித் தாளாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை. மார்கழியில் விடியற்காலைப் பனி; முந்தின நாள் மாலை அடித்தது காலையில் பால்போல் மங்கியிருக்கும். புரட்டாசியில் காற்று தணிந்து, மழை தொடங்குவதற்கு முன் இரண்டு மூன்று வாரம் கிடைக்கும். ஆயுத பூஜைக்கு எல்லாரும் வண்டிக்கு பெயிண்ட் அடிக்கும் வழக்கத்தில் ஒரு கணக்கு இருக்கிறது என்று தோன்றுகிறது. ஆனால் பூஜைக்கு முதல் நாள் அடித்துவிட்டு ஈரத்தின் மேலேயே சந்தனம் தெளிப்பவர்களுக்கு நான் பொறுப்பல்ல.

நேரம், காலை எட்டிலிருந்து பதினொன்று வரை. மதியத்துக்கு மேல் கடற்காற்று உப்பைக் கொண்டுவரும். நேர் வெயிலில் வேண்டாம், வேப்பமர நிழலிலும் வேண்டாம். பூவும் எறும்பும் விழும். தார்ப்பாய் கட்டிய நிழல் நல்லது.

லோடு பாடியின் தரையில் எந்தப் பெயிண்ட்டும் நிற்கவில்லையே?

நிற்காது. மூட்டை இழுபடும் இடம் அது. அதைப் பெயிண்ட்டால் காப்பாற்றமுடியாது, காயவைத்துத்தான் காப்பாற்றவேண்டும். கீறல் விழாமல் இருக்க ரப்பர் பாய் விரிக்கிறார்கள். பாய்க்கு அடியில் உப்புத் தண்ணீர் மாதக்கணக்கில் நிற்கும். என் வண்டியில் பாயைத் தூக்கியபோது தரை இரும்பு கைப்பிடி கைப்பிடியாக வந்தது. இப்போது பாய் இல்லை. இடைவெளி விட்டு மரச்சட்டம் போட்டிருக்கிறேன். மூட்டை அதன் மேல் உட்காரும், அடியில் காற்று ஓடும். தரையின் நான்கு மூலையிலும், கதவுகளின் அடியிலும் தண்ணீர் வடியும் துளைகள் இருக்கும். மண்ணும் உப்பும் அடைத்துக்கொண்டிருக்கும். வாரத்துக்கு ஒரு முறை கம்பி விட்டுக் குத்துங்கள். பெயிண்ட் அடிக்கும்போது அவற்றை அடைத்துவிடாதீர்கள்.

அடியில் பழைய என்ஜின் ஆயில் தெளித்தால் துரு வராது என்கிறார்களே?

வராமல் இருக்கலாம், வேறு எல்லாம் வரும். ஆயில் பட்ட ரப்பர் புஷ் ஊதிக் கெடும். பிரேக்கில் பட்டால் வண்டி நிற்காது. சைலன்சரில் பட்டால் புகையும். மிச்சம் மண்ணில் சொட்டும். தார் கலந்த அண்டர்கோட் வாங்கிப் பிரஷ்ஷால் பூசுங்கள். துருவையும் உப்பையும் எடுத்த பிறகு. துருவின் மேல் தார் பூசினால் அது துருவுக்குக் கம்பளி போர்த்தியதுபோல.

நிறத்தை மாற்றலாமா? எஃப்.சி.யில் (வண்டியின் தகுதிச் சான்று) பிரச்சினை வருமா?

ஆர்.சி.யில் நிறம் பதிவாகியிருக்கும். அதே நிறம் அடிப்பதாக இருந்தால் தொல்லை இல்லை. மாற்றுவதாக இருந்தால் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்கிவிட்டு அடியுங்கள். இராணுவப் பச்சை மட்டும் வேண்டவே வேண்டாம். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி அது பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே உரியது.

எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. காட்டவேண்டும். அதற்கு முன்பாக வேலையை முடிப்பது நல்லது. தொடங்கும் முன் பக்கவாட்டில் எழுதியிருக்கும் காலி எடை, மொத்த எடை விவரங்களைப் போட்டோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதே இடத்தில் எழுதவேண்டும். ஒளிரும் பட்டைகளின் மேல் பெயிண்ட் அடிக்காதீர்கள். முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு. கிழிந்திருந்தால் புதிது ஒட்டுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சேசிஸ் நம்பர் பொறித்த இடத்துக்குக் கிரைண்டரோடு போகாதீர்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அதற்குப் பென்சில் அச்சு கேட்பார்கள். எழுத்து தேய்ந்துபோனால் வண்டி உங்களுடையதுதான் என்று நிரூபிப்பதே தனி வேலையாகிவிடும். கையால் மெல்லத் துடைத்து, மெல்லியதாகக் கிரீஸ் பூசி விட்டுவிடுங்கள்.

பாதுகாப்புக்கு என்னென்ன வேண்டும்?

கண்ணாடி, கையுறை, தூசிக்கான நல்ல முகமூடி. கம்பிக் கிண்ணத்திலிருந்து கம்பிகள் ஊசிபோல் பறக்கும்; என் சட்டையில் தைத்திருந்த ஒன்றை இரவு துணி மாற்றும்போதுதான் பார்த்தேன், சரியாக மார்புக்கு நேராக. பழைய மஞ்சள், ஆரஞ்சு நிறப் பெயிண்ட்களில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. அவற்றை உலர்வாகத் தேய்க்காமல் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, வரும் சேற்றை ஈரம் காயும் முன்பே துணியால் துடைத்து அள்ளிவிடுங்கள்.

அடித்து முடித்து எத்தனை நாளில் லோடு ஏற்றலாம்?

தொட்டால் ஒட்டாத நிலை மறுநாளே வரும். ஆனால் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும். கேபினுக்கு மூன்று நாள், லோடு பாடிக்கு ஒரு வாரம் கொடுங்கள். ஒரு மாதம் வரை சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவவேண்டாம். நல்ல தண்ணீர் மட்டும் போதும்.

எத்தனை வருடம் வரும்? இடையில் என்ன செய்யவேண்டும்?

உப்பு ஏற்றும் வண்டிக்கு நான் சொல்வது: ஒவ்வொரு வருடமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கீறல்களையும் புதுக் கொப்புளங்களையும் தேடி, சுரண்டி, கேன் தண்ணீரில் அலசி, பிரைமர் தொட்டு, எனாமல் தொட்டுவிடுவேன். பாதி நாள் வேலை. அதற்காகவே மிஞ்சிய எனாமலைச் சின்னக் கண்ணாடிப் புட்டியில் வாய் முட்ட ஊற்றி, மூடியை இறுக்கி, தலைகீழாக வைத்திருக்கிறேன். ஆடை கட்டினாலும் அடியில்தான் கட்டும். நிமிர்த்தித் திறந்தால் மேலே நல்ல பெயிண்ட் இருக்கும். போன புரட்டாசியில் அந்தப் புட்டியில் கால்வாசிதான் செலவானது, அதுவும் பெரும்பாலும் வலது கதவின் அடிமடிப்புக்கு. அந்த மடிப்பை அடுத்த தடவை கழற்றிவிட்டுப் புதுத் தகடே வைக்கப்போகிறேன்.